ஒரே மூலையில் போய்க்கொண்டிருந்த முயல் திடீரென்று வீடெங்கும் புழுக்கை போடுவது ஏன்?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. குட்டியாக வாங்கிய வெள்ளை ஆண் முயலுக்கு இப்போது ஐந்து மாதம். முன்பெல்லாம் பால்கனிக் கதவோரம் ஒரே மூலையில் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களாகக் கூடம் முழுக்கப் புழுக்கை, மெத்தையில் மூத்திரம், சுவரில்கூடத் தெறித்திருக்கிறது. மூக்கைப் பிடித்துத் தேய்த்து அதட்டியும் பார்த்துவிட்டீர்கள். அம்மா யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார். கடைக்காரரோ ஒரு பெண் முயலைச் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்கிறார்.

கொடுக்க வேண்டாம். பெண் முயலை இப்போது வாங்கவும் வேண்டாம். உங்கள் முயல் பழக்கத்தை மறந்துவிடவில்லை, அதற்கு வயது வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான முயல்களுக்கு இது வரும். கடலூரில் என் வீட்டில் வளர்ந்தவற்றிலும், தெரிந்தவர்களுக்காகப் பழக்கிக் கொடுத்தவற்றிலும் இந்த வயதில் இதைச் செய்யாத ஆண் முயலை நான் பார்த்ததில்லை.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எங்கே மலஜலம் கழிப்பது என்கிற பழக்கம். இன்னொன்று, இது என் இடம் என்று எல்லைக்கல் நடுவது. முதலாவதைப் பழக்கிவிடலாம். இரண்டாவது பழக்கத்தால் மட்டும் தீராது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல், மலஜலம் கழிக்க வைக்கும் டிரேயை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நீங்களும் சோர்ந்து போவீர்கள், முயலும் மிரண்டு போகும்.

ஒரே இடத்தில் போகும் குணம் முயலுக்கு இயல்பிலேயே உண்டு. நாம் வளர்க்கும் முயல் எல்லாமே ஐரோப்பிய முயலின் வழி வந்தவை. அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பிராணி. வளையைச் சுற்றிக் குறிப்பிட்ட சில இடங்களில்தான் கூட்டம் முழுக்கப் புழுக்கை போடும். அந்தக் குவியலே அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று மற்ற முயல்களுக்குச் சொல்லிவிடும். வில்லியனூர், பாகூர் பக்கம் வயல் வரப்பில் குதித்தோடுமே, அந்தக் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புதரடியில் படுத்துக்கொள்ளும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்க்கவும் கூடாது. குட்டி கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுத் தரையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கூட்டுவதற்கு முன் காலையில் பார்ப்பது நல்லது. ஒரு மூலையில் குவியலாகக் கிடப்பது சாதாரணக் கழிவு. உருண்டையாக, காய்ந்து, கையில் எடுத்தால் உதிரும்படி இருக்கும், நாற்றம் இருக்காது. ஒரு முயல் நாளொன்றுக்கு 200, 300 புழுக்கை போடும் என்பதால் அங்கங்கே நாலைந்து சிதறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாசற்படி ஓரம், கூண்டு வாயில், சோபா கால், உங்கள் செருப்பு என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, வைத்ததுபோல் கிடந்தால் அது அடையாளம். ஆசனவாய்ச் சுரப்பியின் வாசனை பூசியிருப்பதால் லேசாக நெடியும் அடிக்கும். மூத்திரமும் அப்படித்தான். தரையில் குளமாக நின்றால் அது அடக்க முடியாமலோ டிரே பிடிக்காமலோ போனது. சுவரிலும் திரைச்சீலையிலும் கோடுபோலத் தெறித்திருந்தால் அது பீய்ச்சியது. ஆண் முயல் ஓடிக்கொண்டே இடுப்பைத் திருப்பிப் பீய்ச்சும். உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொண்டைக்குள் ஒரு மெல்லிய உறுமலோடு காலில் பீய்ச்சியிருந்தால் உங்களைத்தான் துணையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கோபத்தில் செய்ததல்ல.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சின்னத் திராட்சைக் கொத்துபோல் பளபளப்பாக, மெத்தென்று, நாற்றத்தோடு ஒட்டிக்கிடந்தால் அது கழிவே அல்ல. குடலில் ஊறி நொதித்து வரும் அந்தக் கொத்தை முயல் ஆசனவாயிலிருந்து நேராக வாய்வைத்துத் தின்றுவிடும். அதில்தான் வைட்டமின் பி, புரதமெல்லாம் இருக்கின்றன. அது தின்னாமல் தரையில் மிஞ்சிக் கிடந்தால் தீனியில் சத்து ஏறிவிட்டது, நார் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பிஸ்கட், வாழைப்பழம், அளவுக்கு மீறிய பெல்லட் தீனி இவற்றை நிறுத்திப் புல்லைக் கூட்டுங்கள். இதை டிரேயால் சரிசெய்ய முடியாது.

அம்மா தினமும் பினாயில் ஊற்றித் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் துடைத்து முடித்த பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து முயலைப் பாருங்கள். ஈரம் காய்ந்ததும் வெளியே வரும். மேசைக்கால், சிலிண்டர், கதவுநிலை என்று ஒவ்வொன்றிலும் தாடையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகும். தாடைக்கு அடியிலும் வாசனைச் சுரப்பி இருக்கிறது, அந்த வாசம் நம் மூக்குக்குத் தெரியாது. அப்புறம் கூடத்தின் நட்டநடுவில் நாலு புழுக்கை போட்டுவிட்டுப் போகும். வீம்புக்குச் செய்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் முயல் போட்டுவைத்த அடையாளம் முழுக்க அழிந்து, அதன்மேல் காட்டமான வேறொரு வாசனை வந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுதிவைக்க வேண்டியதாகிவிடுகிறது. துடைப்பத்தைப் பாய்ந்து கடிக்கிற முயல்களும் உண்டு, அதற்கும் காரணம் இதேதான். பழக்குகிற காலத்தில் முயல் நடமாடும் பகுதியை வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும். மூத்திரம் போன இடத்தை மட்டும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள்.

அந்த இடத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தது நல்லது. முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச்சத்து மிகுதி, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். வினிகர்தான் அதைக் கரைக்கும். ஆனால் இதை டைல்ஸ் தரைக்கும் பிளாஸ்டிக் டிரேக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் மொசைக், மார்பிள், சிவப்பு ஆக்சைடு சிமெண்ட் தரை நிறைய உண்டு. அவற்றில் வினிகர் பட்டால் பளபளப்பு போய்த் திட்டு விழும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே சோப்புத் தண்ணீரே போதும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேலோ வினிகரோடோ ஒருபோதும் போடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மனிதருக்கே ஆபத்து, முயலின் நுரையீரலைச் சொல்லவே வேண்டாம்.

சரி, எல்லை பிரச்சினைக்கு என்ன வழி? கருத்தடை அறுவைதான். இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆண் முயலுக்கு விரை இறங்கிய பிறகு, மூன்றரை நாலு மாதத்திலிருந்து செய்யலாம். பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்துக்கு மேல். பெண் முயலுக்கு அது உயிர் காக்கிற விஷயமும்கூட. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. அறுவை முடிந்த மறுநாளே எல்லாம் மாறிவிடாது. உடலில் இருக்கிற ஹார்மோன் வடிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஆண் முயலால் கருத்தரிக்கச் செய்யவும் முடியும், பீய்ச்சுவதும் அவ்வப்போது நடக்கும். அந்த ஆறு வாரத்தை இப்போதே அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே செய்வது என்பதுதான் நம் ஊரில் கஷ்டமான பகுதி. நாய், பூனைக்கு நன்றாகச் செய்யும் மருத்துவர் எல்லாரும் முயலுக்குச் செய்வதில்லை, மயக்க மருந்து கொடுப்பதில் முயல் வேறு மாதிரி. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரில் போய் முயல் அறுவையில் பழக்கம் உள்ளவர் யார் என்று விசாரியுங்கள், அவர்கள் சொல்லும் வழியில் போங்கள். எந்த மருத்துவராக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முயலுக்கு இதற்கு முன் செய்திருக்கிறாரா? மயக்கத்துக்கு வாயு மருந்து உண்டா? அறுவைக்குப் பிறகு வலி மருந்து தருவாரா? முந்தின இரவே பட்டினி போடுங்கள் என்று சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி கிடந்தால் அதன் குடல்தான் நின்றுபோகும். அறுவை முடிந்து வந்த அன்றே அது புல்லைக் கடிக்க வேண்டும், புழுக்கை போட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் நிம்மதி.

அறுவைக்குக் காத்திருக்கும்போதே பழக்கத்தைத் தொடங்கிவிடலாம்.

முதல் வேலை, இடத்தைச் சுருக்குவது. இப்போது வீடு முழுக்க அதற்குத் திறந்திருக்கிறது, வீடு முழுக்கக் காவல் காக்கிறது. கூண்டையும் அதன் முன் ஒரு பாய் அளவு தரையையும் மட்டும் விட்டு, மடக்குக் கம்பித் தடுப்பு வைத்துவிடுங்கள். அதற்குள் எந்த மூலைக்குப் போகிறதென்று பார்த்து அங்கே டிரேயை வையுங்கள். நமக்கு வசதியான மூலையில் வைத்துவிட்டு அது வர வேண்டும் என்று காத்திருப்பது வீண். சுவர்ப்பக்கம் முதுகைக் கொடுத்து, முகம் வெளியே பார்க்கிற மாதிரி இருக்கிற மூலைதான் பெரும்பாலும் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாள் சுத்தமாகப் போனால் தடுப்பைக் கொஞ்சம் தள்ளுங்கள். மறுபடி சிதறினால் பழைய அளவுக்கே வந்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

டிரே அளவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடையில் குட்டை ரகம் என்று சொல்லி விற்பதில் பாதி, நியூசிலாந்து வெள்ளை, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி ரகங்களின் கலப்பு. உள்ளங்கையில் பார்த்த குட்டி வளர்ந்து 4 கிலோவைத் தொட்டுவிடும். மூலையில் மாட்டும் முக்கோணத் தட்டு அதற்குப் போதவே போதாது. பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பை வாங்கி, ஒரு பக்க விளிம்பை மட்டும் தாழ்வாக அறுத்து, அறுத்த ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். முயல் உள்ளே நீட்டிப் படுத்துத் திரும்ப முடிய வேண்டும். டிரேயில் படுத்துக்கொள்கிறதே என்று கவலைப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

அடியில் நாலைந்து மடிப்பு நாளிதழ், அதன்மேல் காய்ந்த புல். இதைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. டிரேயின் ஒரு முனையில் புல்லைக் குவித்து வைத்தால் தின்ன வருகிற இடத்திலேயே காரியம் முடிந்துவிடும். இந்த ஒரு மாற்றம் பாதிப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடும். அதே சமயம் டிரேக்கு வெளியே புல் வைக்காதீர்கள். தினமும் காகிதத்தை மாற்றும்போது மூத்திரம் ஊறிய ஒரு துண்டையும் ஒரு கைப்பிடி புழுக்கையையும் புதுக் காகிதத்தின் மேல் திரும்பப் போடுங்கள். முழுக்கக் கழுவிப் புதிதுபோல் வைத்தால் அது எந்த இடம் என்றே அதற்குத் தெரியாது.

புல்லுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. அருகம்புல் தாராளமாகக் கிடைக்கிறது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் விற்பதும் அதுதான், ஆனால் எங்கே பறித்தது என்று கேட்டு, அலசி, நிழலில் உலர்த்தியே போடுங்கள். மாடு வளர்ப்பவர்களிடம் கோ-4 தீவனப்புல் கிடைக்கும், இளசாக வெட்டி உலர்த்தினால் முயல் விரும்பித் தின்னும். பயறு வகைத் தீவனங்களான முயல் மசால், வேலிமசால் இரண்டும் பச்சையாகக் கொஞ்சம் கொடுக்கலாம், சுண்ணாம்பும் புரதமும் மிகுதி என்பதால் அதையே முழுத் தீனியாக்க வேண்டாம். இணையத்தில் வரும் டிமோத்தி புல் நல்லது, விலைதான் அதிகம். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது.

பூனைக்கென்று விற்கும் கட்டிபிடிக்கும் மணலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். முயல் அதை நக்கினால் குடலில் போய்க் கட்டியாகும். மர அறுவை மில்லிலிருந்து வரும் தூளும் வேண்டாம், எந்த மரம் என்றே தெரியாது, தூசி மூக்கில் ஏறும். நெல் உமி பாதத்தில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வரும். தென்னை நார்க்கழிவைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ந்தால் புழுதி, நனைந்தால் வயிற்று மயிரில் அப்பிக்கொள்ளும்.

பால்கனி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிரே பால்கனியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. நம் ஊரில் கத்திரி வெயிலில் பகலெல்லாம் அதற்கு மேல்தான். டிரே சூட்டில் இருந்தால் எவ்வளவு பழகிய முயலும் குளியலறை வாசலில் குளிர்ந்த டைல்ஸைத் தேடிப் போய் அங்கேயே மூத்திரம் போகும். கோடைக்கு டிரேயைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. காகிதம் காயாது, புல்லில் பூஞ்சை பிடிக்கும், அமோனியா நெடி தங்கும். அந்த மாதங்களில் காலை, மாலை இரண்டு வேளையும் காகிதத்தை மாற்றுங்கள். முயலின் பின்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று தினம் பாருங்கள். ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், அது உயிர் போகிற விஷயம்.

மெத்தையில் ஏன் போகிறது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். மெத்தென்ற எதுவும் முயலுக்குத் தோதான இடம், அதிலும் உங்கள் வாசனை நிறைந்த இடம். உங்கள் வாசனையோடு தன்னுடையதையும் சேர்க்கிறது. கருத்தடை ஆகி ஆறு வாரம் முடியும்வரை படுக்கையறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். சாத்த முடியாவிட்டால் கைக்குழந்தைக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டை மெத்தை முழுக்க விரித்துவிடுங்கள். வழவழப்பாக இருப்பதால் பல முயல்கள் ஏறுவதையே விட்டுவிடும்.

மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். போன இடத்துக்கும் தண்டனைக்கும் முயலால் முடிச்சுப் போட முடியாது. உங்கள் கை வந்தால் வலிக்கும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும், பயந்த முயல் இன்னும் அதிகமாக அடையாளம் வைக்கும். கண்ணெதிரே வாலைத் தூக்கி உட்காரப் போகிறது என்று தெரிந்தால் ஒரு முறை கைதட்டி, மெதுவாக டிரே பக்கம் நடத்துங்கள். டிரேயில் போனால் உடனே ஒரு கொத்துமல்லித் தழை. அதேபோல் கூண்டு முழுக்க அதன் இடம் என்று விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும்போது கையை விட்டு இழுக்காதீர்கள், அது வெளியே உலவும்போது சுத்தம் செய்யுங்கள். கூண்டுக்குள் தனக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்த முயல் வெளியே அவ்வளவு எல்லை போடாது. கூண்டின் அடி கம்பியாக இருந்தால் ஒரு மரப்பலகையோ தடிமனான பாயோ போட்டுவிடுங்கள், கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், நன்கு பழகிய முயல் திடீரென்று டிரேயை விட்டால் உடம்பைச் சந்தேகப்படுங்கள். சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, சுண்ணாம்புக் குழம்புபோல் கெட்டியாக வருவது, பின்கால் தளர்வது எல்லாம் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். சிவப்பு, ஆரஞ்சு நிற மூத்திரம் பெரும்பாலும் தீனியின் நிறமிதான். திட்டுத் திட்டாக ரத்தம்போல் இருந்தால் அது வேறு. மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், வாய்வழி கொடுத்தால் அது முயலைக் கொன்றுவிடும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன பெண் முயல் விஷயம் மிச்சம் இருக்கிறது. இப்போது சேர்த்தால் 31 நாளில் குட்டி. ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடி சினையாகும். அடையாளம் வைப்பதும் இரண்டு மடங்காகும். ஆனால் முயல் துணையை விரும்பும் பிராணி என்பது உண்மை. உங்கள் முயலுக்கு அறுவையாகி ஆறு வாரம் கழிந்த பிறகு, கருத்தடை ஆன ஒரு பெண் முயலைத் தாராளமாகச் சேர்க்கலாம். முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, இரண்டின் டிரேயையும் நாள்விட்டு நாள் மாற்றி வையுங்கள், வாசனை பழகும். அந்த நாட்களில் புழுக்கை மறுபடி சிதறும், அதை எதிர்பார்த்தே இருங்கள். அப்புறம் இரண்டுமே இதுவரை போகாத ஓர் இடத்தில், குளியலறையானால் வழுக்காமல் கோணி விரித்து, நீங்கள் கூடவே உட்கார்ந்து, தினம் சில நிமிடம் சேர்த்து விடுங்கள். ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து ஒட்டிப் படுக்கிற வரைக்கும் தனித்தனி டிரே, தனித்தனித் தீனி.